காரம் மட்டும் கறியாகாது

இட்லித் தட்டின் ஓரத்தில் மிளகாய்ப்பொடியைக் குவித்து, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் விடுவது நாம் யோசிக்காமல் செய்கிற காரியம். அதில் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. மிளகாய்க்குக் காரம் தருகிற கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். எண்ணெயில் குழைத்த பொடி நாக்கைக் குத்தாமல் இறங்குவது அதனால்தான். காரம் தாங்காமல் தவிப்பவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் உதவாதபோது ஒரு வாய் தயிர் உதவுகிறது. பாலில் உள்ள கேசின் என்னும் புரதம் கேப்சைசினைப் பற்றிக்கொண்டு நாக்கிலிருந்து விலக்கிவிடுகிறது.

காரசாரமாகச் சாப்பிட்டால் உடம்புக்குத் தெம்பு வரும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அந்தத் தெம்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நம் நரம்பு நுனிகளில் சூட்டை உணரும் ஏற்பி ஒன்று உண்டு. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூடு பட்டால் அது திறந்து, மூளைக்குச் செய்தி அனுப்பும். கேப்சைசின் பட்டாலும் அதே ஏற்பி திறந்துகொள்கிறது. இதை 1997-இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எரியாத நெருப்பை அணைக்க உடம்பு முனைகிறது. நெற்றி வியர்க்கிறது, மூக்கு ஒழுகுகிறது, முகம் சிவக்கிறது. வலியை ஆற்ற எண்டார்ஃபின் சுரக்கிறது. சாப்பிட்டு எழும்போது வருகிற சுறுசுறுப்பு இப்படி உண்டாவதுதான். அதைப் புதிதாகச் சேர்ந்த பலம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கேப்சைசினால் உடம்பு சற்றுக் கூடுதலாகக் கலோரி செலவழிப்பதும் உண்மை. ஆனால் ஆய்வுகளில் தெரிந்த அந்தக் கூடுதல், ஒரு நாளைக்கு ஓர் இட்லி தரும் ஆற்றலை ஒட்டிய அளவுதான். மிளகாய் தின்று இளைக்கலாம் என்பவர்களை நம்ப வேண்டாம்.

மிளகாய் மீது சுமத்தப்பட்ட வீண்பழியும் உண்டு. வயிற்றுப்புண் காரத்தால் வருகிறது என்று காலம்காலமாக நம்பினோம். பெரும்பாலான வயிற்றுப்புண்களுக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் சில வலி மாத்திரைகளுமே காரணம். அந்தக் கிருமியை வெளிக்கொண்டுவந்த பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அதற்காக எல்லோருக்கும் காரம் ஒத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட முடியாது. நெஞ்செரிச்சலும் ஆசனவாய் வெடிப்பும் உள்ளவர்கள் படும் வேதனை பொய்யில்லை. அவர்கள் குறைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சீனாவில் ஏறக்குறைய 5 லட்சம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2015-இல் வெளியானது. அநேகமாகத் தினமும் காரம் சாப்பிட்டவர்களிடையே இறப்பு 14 சதவீதம் குறைவாக இருந்தது. 2019-இல் வந்த இத்தாலி ஆய்வும் அதே திசையைக் காட்டியது. காரம்தான் அவர்களைக் காப்பாற்றியது என்று இவை நிரூபிக்கவில்லை. ஆனால் ஆரோக்கியமானவர் மிளகாயைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்ற நிம்மதியைத் தருகின்றன.

எனக்குக் கவலை தருவது மிளகாயோடு கூட வருகிற உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாயும் மோர் மிளகாயும் உப்பில் ஊறித்தான் உருவாகின்றன. காரத்தை விரும்புவோர் உப்பைக் குறைவாகவே நாடுகிறார்கள், அவர்களின் ரத்த அழுத்தமும் குறைவாக இருக்கிறது என்று 2017-இல் சீன ஆய்வு ஒன்று சொன்னது. உப்பின் இடத்தைக் காரம் பிடித்துக்கொள்ள முடியும் என்றால், நம் ஊறுகாய் ஜாடி அந்த வாய்ப்பைக் கெடுக்கிறது.

அதைவிடப் பெரிய கவலை, ஊறுகாய் மட்டுமே கறியாகிவிடுவது. வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாக உட்காருகிற பெண்ணைப் பாருங்கள். பொரியல் தீர்ந்திருக்கும், குழம்பு அடியில் கிடக்கும். ஒரு துண்டு ஊறுகாயை வைத்துக்கொண்டு சோற்றை முடித்துவிடுவார். காரம் பசியைத் தூண்டி வெறும் சோற்றை உள்ளே தள்ளிவிடுகிறது. வயிறு நிறைகிறது, இரும்புச்சத்தும் புரதமும் சேரவில்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதை 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு பதிவு செய்திருக்கிறது. இதற்கு ஊறுகாயைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. தட்டில் வேறெதுவும் இல்லை என்பதை அது நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது என்பதே என் ஆதங்கம்.

மிளகாயின் அதே சக்தியை நல்ல வழியிலும் திருப்பலாம். நம் பாட்டிமார் அதைச் செய்து காட்டியவர்கள். மிளகாய்ப்பொடியில் உளுந்தும் கடலைப்பருப்பும் எள்ளும் இருக்கின்றன. ஒரு கை கொள்ளும் கறிவேப்பிலையும் வறுத்துச் சேர்த்தால் இன்னும் நல்லது. பிரண்டை, பீர்க்கங்காய்த் தோல், கொத்தமல்லி என்று துவையலுக்கு ஆகாத பச்சை குறைவு. தனியாக வைத்தால் பிள்ளைகள் ஒதுக்குகிற கீரைகூடக் காரத்தோடு அரைத்து வைத்தால் உள்ளே போகிறது. உப்பைக் குறைத்து, பருப்பையும் பச்சையையும் கூட்டி அரையுங்கள். அதில் ஒரு பங்கை, கடைசியாகச் சாப்பிடுகிறவருக்கென்று முதலிலேயே எடுத்து வையுங்கள்.