நேர்காணலில் 'நாங்கள்' என்று சொன்னால்

"உங்கள் தலைமைத்துவப் பாணி என்ன?" தனியார் வேலைக்கான நேர்காணல்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. "அப்படிப் பெரிதாக எதற்கும் தலைமை தாங்கியதில்லை சார்" என்று சொல்லிவிட்டு வருகிறார்கள் நம் மாணவர்கள் பலர். சொல்பவர் யார்? 2025 வரை ஆதிதிராவிடர் நல விடுதி என்று அழைக்கப்பட்ட விடுதியில் புழுத்த அரிசிக்கு எதிராக மாணவர்களைத் திரட்டியவர். உதவித்தொகை வராதபோது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டவர். சேரிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பை வருடக்கணக்கில் விடாமல் நடத்தியவர். இதெல்லாம் தலைமை இல்லை என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

இந்தக் கேள்வி நடுநிலையானது என்று நாம் நம்பவில்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்கள், வெவ்வேறு பெயர்களில் நிறுவனங்களுக்குப் போயின. உயர்சாதிப் பெயர்களைவிடத் தலித் பெயர்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வுக்காகச் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் மனிதவள மேலாளர்களிடம் பேசியிருந்தார்கள். தகுதி ஒன்றே அளவுகோல் என்றவர்களே குடும்பப் பின்னணியையும் விசாரிப்பதாகச் சொன்னார்கள். 'தலைமைப் பண்பு' போன்ற தெளிவில்லாத அளவுகோலுக்குள் சாதி எளிதாக ஒளிந்துகொள்ளும்.

அதற்காகப் பதிலை விட்டுக்கொடுக்கலாமா? கூடாது. இயக்கத்தில் வளர்ந்த நமக்கு 'நாங்கள்' என்றுதான் வாயில் வரும். அதில் தவறில்லை. 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். அந்த நாளுக்காக ஊர் ஊராகப் போய் ஆள் திரட்டியவர்களின் உழைப்பும் தலைமைதான். ஆனால் அந்த 'நாங்கள்'-க்குள் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பது மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாது. இரண்டையும் சொல்லுங்கள். "விடுதி உணவு பற்றி நாங்கள் சேர்ந்து மனு கொடுத்தோம். என்ன கேட்பது, யார் பேசுவது என்று கூட்டம் போட்டு முடிவெடுக்க வைத்தது என் பொறுப்பு. பயந்தவர்களைத் தனியாகச் சந்தித்துப் பேசினேன். பொருள்களைச் சரிபார்க்க மாணவர் குழு அமைந்தது." பிரச்சினை, உங்கள் பங்கு, விளைவு. இவ்வளவு போதும்.

விடுதியின் பழைய பெயரைச் சொன்னால் சாதி தெரிந்துவிடுமே என்ற தயக்கம் நியாயமானது. 'அரசு விடுதி' என்றாலும் அது உண்மைதான். முழுப்பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. சொல்லாதவரைக் கோழை என்று நம்மில் யாரும் பேசக்கூடாது. வேலை தேவைப்படுவது அவருக்கு.

ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தயாராவதோடு இது முடிந்துவிடாது. ஒன்றிய அரசு 2016 ஜனவரி 1 முதல் தன் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலையே நீக்கியது. தனியார் துறையில் இடஒதுக்கீடு வேண்டும். எல்லோருக்கும் ஒரே கேள்விகள், எழுத்தில் மதிப்பெண், நிராகரித்தால் காரணம் ஆகியவையும் வேண்டும். இவற்றைச் சேர்த்தே கேட்போம்.

அதுவரை ஒரு வேலை. இந்த வாரம் விடுதியில் நாலு பேர் உட்காருங்கள். உங்களைப் பற்றி நீங்களே எழுதாதீர்கள். ஒருவர் செய்ததை இன்னொருவர் எழுதிக் கொடுங்கள். நாம் செய்தது நம் கண்ணுக்குச் சின்னதாகத்தான் தெரியும். கூட நின்ற தோழருக்குத் தெரியும் அதன் அளவு.