பட்டன் உடைந்தால் பழி யாருக்கு?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டுப் பேரவைச் செயலாளர் எங்கள் வகுப்புக்கு வந்தபோது, ‘நாளைய பாரதம் நம் கையில்’ என்கிற மாதிரி பெரிய தலைப்பாக எடுத்து எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த வாரம் என் மனது முழுக்க ஒரு சின்ன பிளாஸ்டிக் பட்டன்தான் இருந்தது. கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லாத பட்டன். அதைப் பற்றியே எழுதுகிறேன். ‘இது ஆட்டோமொபைல்காரன் சமாச்சாரம்’ என்று சிவில், எலக்ட்ரிக்கல் நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கடைசியில் எல்லோருக்கும் பங்கு உண்டு.

என் அப்பா ஆக்டிங் டிரைவர். சொந்த வண்டி கிடையாது. யார் கூப்பிட்டாலும் போய் அவர்கள் காரை ஓட்டிக் கொடுத்து நாள் சம்பளம் வாங்குவார். முன்பெல்லாம் கிளட்ச் வண்டிதான். இப்போது ஆட்டோமேட்டிக் கார்கள் பெருகிவிட்டதால் அதையும் பழகிக்கொண்டார். ஒரு குடும்பத்தை மூன்று நாள் ராமேஸ்வரம், மதுரை, பழனி என்று கூட்டிப்போனார். கடைசி நாள், பழனி அடிவாரத்திலிருந்து எனக்குப் போன்.

“கண்ணு, கியர் ‘பி’யிலிருந்து வரமாட்டேங்குது. பட்டனை அமுக்கினா பொசுக்குனு உள்ள போயிருது. சார் வேற கோவமா நிக்கிறாரு...”

எனக்குக் கை நடுங்கிற்று. இருந்தாலும் வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது. “அப்பா, பிரேக்கை மிதிச்சா பின்னாடி லைட் எரியுதான்னு யாரையாச்சும் பார்க்கச் சொல்லுங்க. லீவர் அடியில ‘டிக்’னு சத்தம் வருதான்னும் கேளுங்க” என்றேன். லைட் எரிந்தது. சத்தமும் வந்தது. அப்படியானால் கோளாறு மின்சாரத்தில் இல்லை, பட்டனில்தான்.

இந்த இடத்தில் அந்தப் பட்டன் என்ன வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஆட்டோமேட்டிக் காரின் கியர் லீவருக்குள் ஒரு ராடு இருக்கிறது. ராடின் கீழே ஒரு பின். அந்தப் பின், பல் வெட்டிய ஒரு தகட்டின் பள்ளத்தில் உட்கார்ந்து லீவரை அசையவிடாமல் பிடித்துக்கொள்கிறது. மேலே நாபில் உள்ள பட்டனை அமுக்கினால் ராடு நகர்ந்து, பின் பள்ளத்தை விட்டு விலகும். லீவர் நகரும். இதோடு இன்னொரு பூட்டும் உண்டு. லீவர் பார்க்கிங்கில் இருக்கும்போது ஒரு சொலினாய்டு அந்தப் பின்னை விலகவிடாமல் தடுக்கும். பிரேக்கை மிதித்தால்தான் ‘டிக்’ என்று விலகி வழிவிடும். பேட்டரி தீர்ந்தாலோ பிரேக் சுவிட்ச் கெட்டாலோ அந்த ‘டிக்’ வராது. அதற்காகப் பல கார்களில் லீவர் பக்கத்தில் சிறு மூடி போட்ட ஒரு துளை வைத்திருப்பார்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, அந்தத் துளையில் சாவியையோ ஸ்க்ரூ டிரைவரையோ விட்டு அமுக்கினால் பூட்டு விலகும்.

அங்கே நின்றவர்கள் எல்லோரும் அந்தத் துளையைத்தான் குத்திக்கொண்டிருந்தார்கள். வண்டி நகரவில்லை. எப்படி நகரும்? அந்தத் துளை சொலினாய்டின் வேலையைத்தான் செய்யும், பட்டனின் வேலையைச் செய்யாது. ராடை அமுக்கும் கையே உள்ளே ஒடிந்து கிடக்கிறதே! பக்கத்து ஒர்க்‌ஷாப் அண்ணன் ஒருவர் வந்து, நாபைக் கழற்றி, ராடை நேராக ஸ்க்ரூ டிரைவரால் அமுக்கி ‘டி’க்குத் தள்ளினார். அப்பா 100 கிலோமீட்டருக்கு மேல் வழியில் டீ குடிக்கக்கூட வண்டியை நிறுத்தாமல் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

சர்வீஸ் சென்டரில், பட்டன் தனியாக வராது, லீவர் அசெம்பிளி முழுசாக மாற்ற வேண்டும் என்று ஐந்து இலக்கத்தில் ஒரு எஸ்டிமேட் கொடுத்தார்கள். கார்க்காரர் அதைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். “நாலு வருஷமா நான் ஓட்டறேன், ஒண்ணும் ஆகல. உங்க கைக்கு வந்ததும் உடையுது. சம்பளத்தை அப்புறம் பார்த்துக்கலாம்” என்றார். அப்பா வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, “ஒருவேளை நான்தான் பலமா அமுக்கிட்டனோ என்னமோ...” என்று தன்னையே நொந்துகொண்டார். செய்யாத குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்ளும் நிலைக்கு ஒரு மனிதர் வந்துவிட்டார் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒர்க்‌ஷாப் அண்ணன் உடைந்த துண்டைக் காகிதத்தில் மடித்து அப்பாவிடம் கொடுத்திருந்தார். மறுநாள் அதை எங்கள் லேப் ஆசிரியரிடம் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் லென்ஸை என் கையில் கொடுத்து, “நீயே பாரு” என்றார். பார்த்தேன். முறிந்த முகத்தில் பாதிக்கு மேல் கறுப்பாக அழுக்கு ஏறியிருந்தது. மீதிப் பாதி பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

நண்பர்களே, மெட்டீரியல்ஸ் பாடத்தில் ‘ஃபெட்டீக்’ என்று படிக்கிறோமே, தேர்வுக்கு ஐந்து மதிப்பெண் வினாவாக மனப்பாடம் செய்கிறோமே, அதுதான் இது! ஒரு பொருள் ஒரே அமுக்கில் உடையாமல், ஆயிரக்கணக்கான முறை சிறிது சிறிதாக அழுத்தம் பட்டு, முதலில் மயிரிழை விரிசல் விட்டு, அது வளர்ந்து, மீதி இருப்பது தாங்காத அன்று ஒடிகிறது. அழுக்கு ஏறிய பகுதி பழைய விரிசல். வெள்ளைப் பகுதிதான் பழனியில் உடைந்தது. விரிசல் விழுந்த நாளில் என் அப்பா அந்தக் காரைப் பார்த்ததுகூட இல்லை.

இதிலிருந்து நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: கையைக் குற்றம் சொல்வதற்கு முன் முறிவைப் பார்க்க வேண்டும்.

முறிவைப் பார்த்தால் எப்போதும் ஓட்டியவன் பக்கம்தான் தீர்ப்பு வரும் என்று நான் சொல்லவில்லை. 1980-களில் அமெரிக்காவில் ஆடி 5000 என்ற கார் தானாகப் பாய்கிறது என்று பெரிய புகார் எழுந்தது. எல்லோரும் காரைத்தான் திட்டினார்கள். அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் இத்தகைய புகார்களை ஆராய்ந்து, பெரும்பாலும் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்ததே காரணம் என்று 1989-ல் அறிக்கை கொடுத்தது. தவறு காலில்! ஆனால் 1987-லேயே அந்தக் கம்பெனி சுமார் 2,50,000 கார்களைத் திரும்ப அழைத்து, பிரேக்கை மிதித்தால்தான் லீவர் நகரும்படி பூட்டு வைத்துவிட்டது. நம் ‘டிக்’ சத்தத்தின் பூர்வீகத்தில் இந்தக் கதைக்கு முக்கிய இடம் உண்டு.

இதற்கு நேர் எதிரானது 2016. ஃபியட் கிரைஸ்லர் கம்பெனி சுமார் 11 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அந்த எலக்ட்ரானிக் லீவர், தள்ளிவிட்டால் மறுபடி நடுவிலேயே வந்து நிற்கும். பார்க்கிங்கில் போட்டுவிட்டதாக நம்பி ஓட்டியவர்கள் இறங்கினார்கள், வண்டி உருண்டது. அவர்களை அஜாக்கிரதை என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் ஒரே மாதிரி அத்தனை பேர் தவறினால் கோளாறு மனிதனிடமா, லீவரிடமா? 2022-ல் ஃபோர்டு கம்பெனி அமெரிக்காவில் சுமார் 29 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. காரணம், கியர் கேபிளைப் பிடித்திருக்கும் ஒரு சிறிய புஷ் சிதைந்து கழன்றுவிடக்கூடும். லீவர் ‘பி’ காட்டும், உள்ளே கியர் ‘பி’யில் இருக்காது. ஒரு புஷ்ஷுக்காக 29 லட்சம் வண்டிகள்!

இந்த மூன்றிலும் ஒரு விஷயம் பொது. காலின் தவறோ காரின் தவறோ, கடைசியில் திருத்தியது இயந்திரத்தை. நம் ஊரில் மட்டும் திருத்துவது டிரைவரின் சம்பளத்தை. இது என்ன நியாயம்?

இதில் உதிரிபாகத்துக்கும் பங்கு உண்டு. பட்டன் தனியாகக் கிடைத்திருந்தால் கார்க்காரருக்கு அவ்வளவு கோபம் வந்திருக்குமா? பில் பெரிதாகும்போதுதான் பழியும் பெரிதாகிறது, அது பலமில்லாத தலையில் போய் இறங்குகிறது. உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்கு விடவில்லை என்பதற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அது மேல்முறையீடு, வழக்கு என்று நீண்டது. பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை குழு அமைத்தபோது, வாகனத் துறையும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. நல்லதுதான். ஆனால் பழனி அடிவாரத்துக்கு அது இன்னும் வந்து சேரவில்லை!

என் வகுப்பு நண்பர்கள் சும்மா இருப்பார்களா? “பித்தளையில் ஒரு துண்டு நாமே செய்து மாட்டிடலாம்டா” என்றான் ஒருவன். “ரப்பர் பேண்ட் போட்டுப் பட்டனை அமுக்கியே வெச்சிட்டா போச்சு” என்றான் இன்னொருவன். ஆசிரியர் அதட்டினார். பட்டன் எப்போதும் அமுங்கியே இருந்தால் பின் பள்ளத்தில் உட்காராது. குழந்தை ஒன்று லீவரைத் தட்டினாலும் நகரலாம். “பூட்டு எதுக்கு இருக்குன்னு தெரிஞ்சவன்தான் பூட்டைத் தொடணும்” என்றார். பாதுகாப்புப் பாகத்தில் ‘அட்ஜஸ்ட்மென்ட்’ செய்வது ரிப்பேர் ஆகாது, துரோகம் என்று அன்று புரிந்துகொண்டேன். பிறகு பழைய பாகங்கள் விற்கும் கடைகளில் இரண்டு நாள் அலைந்து, விபத்தில் முன்பக்கம் நொறுங்கிய அதே மாடல் வண்டியின் நல்ல நாப் ஒன்றைக் கண்டுபிடித்தேன். எஸ்டிமேட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

நாபையும் உடைந்த துண்டையும் லென்ஸையும் எடுத்துக்கொண்டு அப்பாவோடு கார்க்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் கெட்டவர் அல்ல. லென்ஸில் வெகுநேரம் பார்த்தார். “இது முன்னாடியே போயிருக்கு போல” என்றார். மூன்று நாள் சம்பளத்தையும் நாபின் விலையையும் கொடுத்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் அப்பாவை டிரைவிங்குக்குக் கூப்பிடவே இல்லை. உண்மையைச் சொன்னதற்கு அதுவும் ஒரு விலைதான். அப்பாவோ, “பரவாயில்ல கண்ணு, என் கை உடைக்கலைன்னு தெரிஞ்சுதே, அது போதும்” என்றார்.

இப்போது சிவில், எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு வருகிறேன். நம் லேபில் என்ன நடக்கிறது? பத்து வருடம் பத்து பேட்ச் திருகிய மைக்ரோமீட்டர், யார் கையில் இருக்கும்போது மக்கர் செய்கிறதோ அவன் ‘பிரேக்கேஜ்’ கட்ட வேண்டும். மீட்டர் எரிந்தால் கடைசியாக இணைப்புக் கொடுத்தவன் கட்ட வேண்டும். கார்க்காரர் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பேரவைக்கு என் வேண்டுகோள் இது: அபராதம் போடுமுன் உடைந்த பொருளை ஆசிரியரும் மாணவனும் சேர்ந்து பார்க்கட்டும். அலட்சியம் என்றால் கட்டுவோம். தேய்மானம் என்றால் புத்தகத்தில் தேய்மானம் என்றே எழுதட்டும். அந்த ஐந்து நிமிடம், ஐந்து மதிப்பெண் வினாவைவிட அதிகம் கற்றுக்கொடுக்கும்.

இன்னும் ஒன்றிரண்டு ஆண்டுகளில் நம்மில் பலர் சூப்பர்வைசராக, சர்வீஸ் அட்வைசராக உட்காரப் போகிறோம். நம் எதிரில் ஒரு டிரைவரோ ஹெல்ப்பரோ கை கட்டி நிற்பார். “யார்யா உடைச்சது?” என்ற கேள்விதான் முதலில் நாக்கில் வரும். அதை விழுங்கிவிட்டு, “அந்தத் துண்டைக் கொடுங்க, பார்ப்போம்” என்று கை நீட்டுங்கள். நாம் வாங்கப்போகும் டிப்ளமோவுக்கு அர்த்தம் அந்த நீட்டிய கையில்தான் இருக்கிறது!