நடுநிலையைச் சுற்றறிக்கை கற்றுத்தருமா?

இந்தோனேசிய மத அமைச்சகம் 2019இல் அரசு இஸ்லாமியப் பல்கலைக்கழகங்களில் 'மத நடுநிலை இல்லம்' அமைக்கச் சொன்னது. நல்ல முயற்சி. ஆனால் மாணவன் நடுநிலையைக் கற்பது ஃபிக்ஹ் வகுப்பில்தான்.

காயத்தில் இரத்தம் வழிந்தால் ஒளு முறியும் என்பது ஹனஃபி மத்ஹப். முறியாது என்பது ஷாஃபிஈ. இரண்டுக்கும் ஆதாரம் காட்டி, இரு இமாம்களுக்கும் துஆச் செய்யும் பேராசிரியரிடம் படித்தவன், எதிர்க்கருத்துக்காரரை வழிகேடர் என்று எளிதில் சொல்லமாட்டான். யூடியூப் பயான்கள் பலவற்றுக்கு அந்தப் பொறுமை ஏது?

நடுநிலை என்றால் அகீதாவை விட்டுக்கொடுப்பதோ என்று பெற்றோர் சிலர் அஞ்சுகிறார்கள். இல்லை. கோயில் நகரமான நம் காஞ்சிபுரத்தில், தொழுகையையும் விடாமல் பக்கத்து வீட்டு நெசவாளரின் அண்டை உரிமையையும் பேணுவதுதான் அது. பிள்ளையைக் கல்லூரியிலோ மதரஸாவிலோ சேர்க்கும்போது, கட்டணத்தோடு இதையும் விசாரியுங்கள்: மாற்றுக் கருத்தை அங்கே எப்படிப் பாடம் நடத்துகிறார்கள்?