பருமனைப் பார்த்து உயரம் சொல்லலாமா?



காட்டில் நிற்கும் ஆயிரம் மரங்களின் உயரத்தை அளக்கச் சொன்னால் என்ன செய்வோம்? ஒவ்வொன்றிலும் ஏறவா முடியும்? அடர்ந்த காட்டில் உச்சிக்கிளை கண்ணுக்கே தெரியாது. ஆனால் தரையிலிருந்து நாலரை அடி மேலே டேப்பைச் சுற்றி, வந்த அளவை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் கிடைத்துவிடும். அந்த விட்டத்தை வைத்து உயரத்தைக் கணக்கிடுவது வனத்துறையில் பழகிய வழி. நல்ல வழிதான். ஆனால் ஓரிடத்துக் கணக்கை இன்னோரிடத்தில் அப்படியே போடுவது தப்பு என்பதே என் கருத்து.

விட்டம் இரண்டு மடங்கானால் உயரமும் இரண்டு மடங்கா? இல்லவே இல்லை! கேரளத்தின் பரம்பிக்குளம் காட்டில் உள்ள கன்னிமாரா தேக்கின் சுற்றளவு 6 மீட்டருக்கு மேல். 1 மீட்டர் சுற்றளவுள்ள தேக்கு 15 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், அது 90 மீட்டர் இருக்க வேண்டும். ஆனால் 50 மீட்டரைக்கூட எட்டவில்லை. மரம் ஆண்டுதோறும் பருத்துக்கொண்டே போகும். உயரமோ ஒரு கட்டத்துக்கு மேல் மெதுவாகிவிடும். கிராஃப் தாளில் போட்டால் வளைகோடுதான் வரும்.

அந்த வளைகோடும் எல்லா இடத்துக்கும் ஒன்றல்ல. நெருக்கி நட்ட மரங்கள் வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு, ஒல்லியாக, நெடுநெடுன்னு வளரும். வரப்பில் தனியாக நிற்பது பருத்து, கிளை பரப்பி, குட்டையாக நிற்கும். மண்ணும் தண்ணியும் மாறினா கணக்கும் மாறும்.

இதில் நஷ்டப்படுவது யார்? எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் இங்கே சேருவதற்கு முன், நெருக்கி நட்டிருந்த எங்கள் தேக்கை விலை பேச வந்த வியாபாரி, அடிமரத்தை மட்டும் பார்த்துவிட்டு, "ஒல்லி மரம்ண்ணே, 15 அடிக்கு மேல தேறாது" என்றார். கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த அப்பா தலையாட்டினார். வெட்டிப் போட்டபின் பார்த்தால் 20 அடி! பேசின விலை பேசினதுதான்.

சுற்றளவில் நாலில் ஒரு பங்கை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவது மரக்கடைக் கணக்கு. நடுச்சுற்று 2 அடி, நீளம் 20 அடி என்றால் 5 கன அடி. 15 அடி என்றால் மூணே முக்கால்தான். நாலில் ஒரு பங்கு போச்சு!

"வாய்ப்பாடு போட்டவங்க என்ன முட்டாள்களா?" என்று சிலர் கேட்கலாம். இல்லை. அவர்கள் தங்கள் காட்டை அளந்து போட்டார்கள். நாம் நம் தோப்பை அளப்போம் என்கிறேன். ஒல்லி, நடுத்தரம், பருமன் என்று எல்லா ரகத்திலும் சில மரங்களின் உயரத்தை அளந்து வளைகோடு வரைந்தால், மீதி மரங்களுக்கு விட்டமே போதும்.

உயரம் அளக்கத் தியோடலைட் கூட வேண்டாம். சமதரையில் 45 டிகிரி செட்ஸ்கொயரைக் கண்ணருகே மட்டமாகப் பிடித்து, அதன் சாய்கோட்டில் உச்சி தெரியும் வரை பின்னால் நகருங்கள். அங்கிருந்து மரம் வரை உள்ள தூரத்தோடு உங்கள் கண் உயரத்தைக் கூட்டினால், அதுவே மரத்தின் உயரம்!

நண்பர்களே! 'டேன் 45 = 1' என்பது இரண்டு மார்க் கேள்விக்கு மட்டும்தானா? நம்மைப் படிக்க வைத்தவர்கள் ஏமாறாமல் இருக்கவும் அது உதவட்டும். இந்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது செட்ஸ்கொயரையும் ஒரு டேப்பையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்!

– இரண்டாம் ஆண்டு, சிவில்