வளரும் பிள்ளைக்குப் பெரிய பலகையா?

அண்மைக் காலமாக நம் பெற்றோர்களிடையே ஒரு புதிய வழக்கம் பரவி வருகிறது. குளிர்கால விடுமுறைக்கு ஜப்பானின் நிசெக்கோவுக்கோ கொரியாவின் யொங்பியொங்கிற்கோ புறப்படும் முன்பே, பனியைக் கண்ணால்கூடக் கண்டிராத பிள்ளைக்குப் பனிச்சறுக்குப் பலகை வாங்கிவிடுகிறார்கள். அதையும் பள்ளிச் சீருடை வாங்கும் கணக்கிலேயே வாங்குகிறார்கள். "வளரும் பிள்ளை, ஓர் அளவு பெரிதாகவே இருக்கட்டும்" என்பதுதான் அந்தக் கணக்கு. இதை நான் வன்மையாக மறுக்கிறேன்.

சீருடை பெரிதாக இருந்தால் பிள்ளை தோழர்களின் கேலிக்கு ஆளாவான், அவ்வளவுதான். பலகை பெரிதாக இருந்தால் அடிபடுவான். பலகையைத் திருப்புவது கைவலிமையன்று. ஏறி நிற்பவரின் எடை பலகையை அழுத்தி வளைக்க, அதன் உருக்கு விளிம்பு பனியைப் பற்றிக்கொள்கிறது. அப்போதுதான் திருப்பம் நிகழ்கிறது. முப்பது கிலோ எடையுள்ள சிறுவனை ஐம்பது கிலோ எடைக்கான பலகையில் ஏற்றினால், அது அவனுக்கு வளைந்து கொடுக்காது. அவனால் திரும்பவும் முடியாது, நிற்கவும் முடியாது. எனவே நீளத்தை முதலில் எடையைக் கொண்டும் பின்னரே உயரத்தைக் கொண்டும் முடிவு செய்தல் வேண்டும். நிறுத்திப் பார்த்தால் தொடக்கநிலைச் சிறுவர்க்கு மார்புக்கும் முகவாய்க்கும் இடையிலும், பெரியவர்க்கு முகவாய்க்கும் மூக்குக்கும் இடையிலும் பலகை முடிவது பொதுவாகப் பொருந்தும். எளிதில் வளையும் மென்மையான பலகையாகவும் அது இருக்க வேண்டும். கடைக்காரர் 'வல்லுநர் பலகை' என்று காட்டும் விறைப்பான பலகை, கற்றுக்கொள்பவர்க்குப் பகை.

"சரி ஐயா, சரியான அளவிலேயே வாங்குகிறோம்" என்பீர்கள். பிள்ளையின் எடை ஆண்டுதோறும் ஏறுகிறதே! சரியான அளவில் வாங்கினால் அடுத்த பயணத்திற்கு உதவாது. நெடுநாள் உதவும் அளவில் வாங்கினால் இந்தப் பயணத்திற்கே உதவாது. எஞ்சிய மாதங்களில் அது நம் நாட்டு ஈரக்காற்றில் கதவுக்குப் பின்னால் கிடந்து விளிம்பு துருப்பிடிக்கும். வாடகைப் பலகை பழையது என்று முகஞ்சுளிப்போர்க்கு ஒரு செய்தி. இன்றைய பலகையின் மூதாதை, 1965ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தம் மகளின் விளையாட்டுக்காக இரண்டு சறுக்குக் கட்டைகளை இணைத்துச் செய்த ஒன்றுதான். பகட்டுக்காகப் பிறந்த பொருளன்று அது.

நிற்க. பலகைக்கு ஆயிரக்கணக்கான வெள்ளியைக் கொட்டியவர்கள் உடை என்று வரும்போது கையை இறுக்கிக்கொள்கிறார்கள். பருத்திப் பனியன், அதன்மேல் பருத்திச் சட்டை, கீழே ஜீன்ஸ். என் வயிற்றெரிச்சலே இதுதான்! கற்றுக்கொள்பவர் சறுக்கும் நேரத்தைவிடப் பனியில் அமர்ந்திருக்கும் நேரமே மிகுதி. விழுந்து எழுந்து வியர்க்கிறார். பருத்தி அந்த வியர்வையையும் பனிநீரையும் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடல்வெப்பத்தைக் கடத்திவிடும். மலையேற்றும் நாற்காலியில் காற்று வீசும்போது அந்தப் பிள்ளையின் பற்கள் கிடுகிடுக்கும். "குளிர் தாங்காத பிள்ளை" என்று பழியும் அவன் தலையில்தான் விழும்.

உடலை ஒட்டிக் கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளாடை, அதன்மேல் ஃபிளீஸ் சட்டை, வெளியே நீர்புகா மேலங்கியும் கால்சட்டையும்: இவ்வளவே தேவை. நீர்த்தடுப்பு அளவை மில்லிமீட்டரில் குறிப்பார்கள்; 10,000 என்றிருந்தால் போதும். மேலங்கியைவிடக் கால்சட்டைக்கே இதில் முதலிடம். காரணம் சொல்லத் தேவையில்லை. மேலங்கியும் கால்சட்டையும் பெரும்பாலான பனித்தளங்களில் வாடகைக்குக் கிடைக்கும். உள்ளாடை, காலுறை, நீர்புகாக் கையுறை ஆகியவற்றைச் சொந்தமாக வாங்குங்கள். காலுறை ஒன்று போதும். இரண்டு அணிந்தால் மடிப்பு விழும், குருதியோட்டம் தடைப்படும், கால் இன்னும் குளிரும். புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் 80 விழுக்காடு வரை எதிரொளிக்கும் என்பதால் கண்ணாடியும் வேண்டும்.

தலைக்கவசத்தையும் மணிக்கட்டுக் காப்பையும் பேச்சுக்கே இடமின்றி அணிவியுங்கள். விழும்போது உள்ளங்கையை ஊன்றுவது மனித இயல்பு. கற்றுக்கொள்வோரின் மணிக்கட்டு முறிவது அதனால்தான். பலகைக்குச் செலவிட நினைத்த பணத்தில் பயிற்றுநரிடம் இரண்டு நாள் பாடம் கற்பிக்கலாம். விரல்களை மடக்கி, முன்னங்கையில் விழுவதைத்தான் அவர் தொடக்கத்திலேயே சொல்லித் தருவார்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு சொல். விடுமுறை முடிந்ததும் வகுப்பில் "யாரிடம் சொந்தப் பலகை இருக்கிறது?" என்று வியந்து கேட்பதை நிறுத்துவோம். வாங்க இயலாத பெற்றோரும் கடன்பட்டு வாங்குவது அந்தக் கேள்வியால்தான்.

பயணச்சீட்டு எடுத்துவிட்டவர்கள் இவ்வாரமே பிள்ளையின் எடை, உயரம், காலின் நீளம் மூன்றையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். காலுறையோடு வழவழப்பான தரையில் சறுக்கச் சொல்லி, எந்தக் கால் முன்செல்கிறது என்பதையும் எழுதுங்கள். வாடகைக் கடையில் காலணியை இறுக்கிக் கட்டியபின், முழங்காலை மடக்கச் சொல்லிக் குதிகால் மேலெழுகிறதா என்று கேளுங்கள். எழுந்தால் வேறு காலணி கேளுங்கள். பின்னால் வரிசை நீண்டாலும் பரவாயில்லை.