பனியின் மேல் பழி போடாதீர்!

எவரெஸ்ட் போகும் வழியில், கும்பு பனியாற்றில், 2014 ஏப்ரல் 18-ந் தேதி மலைத்தோளிலிருந்து பெரும் பனிப்பாறை பெயர்ந்து விழுந்தது. 16 நேபாளத் தொழிலாளர்கள் மாண்டனர். இயற்கையின் சீற்றமாம்!

தொங்கும் பனிப்பாறையின் கீழ் எத்தனை தடவை நடக்கிறார்களோ அத்தனை அபாயம். பணம் கட்டிய சீமான் சில தடவை நடக்கிறார். அவருடைய கூடாரத்தையும் கயிற்றையும் சுமக்கும் ஷெர்பா பல தடவை நடக்கிறார். மாண்டவர்களில் ஒரு சீமானாவது உண்டா?

நேபாள சர்க்கார் குடும்பத்துக்கு முதலில் நீட்டியது 40,000 ரூபாய்! ஷெர்பாக்கள் சுமை தூக்க மறுத்தார்கள். குழுக்கள் சிகரம் ஏறாமல் திரும்பின. அதன் பிறகே இன்ஷூரன்ஸ் 10 லட்சத்திலிருந்து 15 லட்சமாயிற்று. 2015-ல் பாதையும் அந்தத் தோளைவிட்டு விலகிற்று.

16 பிணம் விழுமுன் விலக்கியிருக்கக் கூடாதா என்று கேட்கிறோம். தோழர்களே! பனிக்குக் காது இல்லை, சர்க்காருக்கு உண்டு. ஒன்றுபட்ட குரலே அதை எட்டும்!