டெக்கல் தாளும் பொம்மைதானாம்

2023 பிப்ரவரி 1-ஆம் தேதி வைக்கப்பட்ட 2023-24 நிதிநிலை அறிக்கையில் பொம்மைகளுக்கான சுங்கத் தலைப்பு 9503-இன் அடிப்படைச் சுங்க வரி 60 சதவீதத்திலிருந்து 70 ஆகிவிட்டது. 2020 பட்ஜெட்டுக்கு முன் அது 20 சதவீதம்தான். மூன்று ஆண்டில் மூன்றரை மடங்கு. கரடி பொம்மை, மூன்று சக்கர சைக்கிள், நாம் ஒட்டிக் கட்டும் ஸ்பெஷல் ஹாபியின் பஃபலோ விமான மாடல் கிட் எல்லாமே அந்த ஒரே தலைப்பில்தான் வருகின்றன. “இதழ் என்ன சொல்கிறது?” என்று வாசகர்கள் கேட்டபடி இருக்கிறார்கள். சொல்லிவிடுகிறோம்.

முதலில் நியாயமான பக்கத்தைப் பார்ப்போம். குழந்தை வாயில் வைக்கும் பொருளில் ஈயமும் தாலேட்டும் இருக்கக் கூடாது என்று அரசு சொன்னால் அதில் சண்டைக்கு இடமில்லை. 2019-இல் இந்தியத் தர மன்றம் சந்தையிலிருந்து எடுத்துச் சோதித்த இறக்குமதிப் பொம்மைகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. அதன் பிறகு வந்த பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆணை தெளிவாக எழுதப்பட்ட ஒன்று. 14 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடுவதற்கானது எதுவோ அதுவே பொம்மை என்கிறது. நம் ஸ்கேல் மாடல் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் 14+ என்று அச்சாகியிருக்கிறது. ஆணையின் சொற்படி பார்த்தால் அது கேட்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை நமக்குப் பொருந்தாது.

ஆனால் பார்சலைப் பிரிக்கும் மேசையில் ஆணையின் வரையறையை யாரும் திறந்து பார்ப்பதில்லை. தலைப்பு எண்ணைத்தான் பார்க்கிறார்கள். 9503 என்றால் பொம்மை, பொம்மை என்றால் பிஐஎஸ் சான்று, சான்று இல்லையென்றால் நிறுத்திவை. ஒப்ர்னிட்சேயில் உள்ள எடுவார்டோ ப்ராக்கில் உள்ள ஸ்பெஷல் ஹாபியோ ஒரு கிட்டில் சில டஜன் பெட்டிகளை இந்தியாவுக்கு விற்பதற்காகத் தங்கள் ஆலைக்கு இந்திய ஆய்வாளரை வரவழைத்துக் கட்டணம் கட்டுவார்கள் என்று யாராவது நம்புகிறார்களா?

இந்தக் குழப்பம் டெல்லியில் பிறந்ததல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2007-க்கு முன் உலகச் சுங்க அமைப்பின் பட்டியலில் ஸ்கேல் மாடல் கிட்டுகளுக்கு 9503.20 என்று தனித் துணைத்தலைப்பே இருந்தது. 2007 திருத்தத்தில் 9501, 9502, 9503 எல்லாவற்றையும் ஒரே 9503.00-இல் கொட்டிக் கலந்துவிட்டார்கள். அதற்கு முன் நாம் நாமாக இருந்தோம்; அதற்குப் பின் பொம்மைக் கடை. ஆனாலும் ஆறு இலக்கம் வரைதான் உலகக் கட்டுப்பாடு. அதற்கு மேல் எட்டு இலக்கத்தில் பிரித்துக்கொள்ள ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமை உண்டு. மின்னணுப் பொம்மை, மின்னணு அல்லாத பொம்மை என்று பிரிக்கத் தெரிந்த நிதியமைச்சகத்துக்கு, ஒட்டிச் சேர்க்கும் ஸ்கேல் மாடல் என்று இன்னொரு வரி சேர்ப்பது பெரிய வேலையல்ல. இதழின் நிலைப்பாடு இதுதான்: எட்டு இலக்கத்தில் தனி வரி, பழைய 20 சதவீதம், 14+ பெட்டிகளுக்குத் தர ஆணையிலிருந்து எழுத்துபூர்வமான விலக்கு.

உள்நாட்டு உற்பத்தியைக் காப்பாற்றவே இந்த வரி என்கிறார்கள். எந்த உற்பத்தி? உங்கள் அலமாரியில் இருக்கும் ஏர்ஃபிக்ஸ் பெட்டிகளைத் திருப்பிப் பாருங்கள். பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் பலவற்றில் ‘மேட் இன் இந்தியா’ என்றுதான் இருக்கிறது. அச்சு அவர்களுடையது, பிளாஸ்டிக் ஊற்றுவது நம் ஆட்கள். இங்கே ஊற்றப்பட்ட ஸ்ப்ரூ இங்கிலாந்துக்குக் கப்பலேறிப் போய், அங்கிருந்து திரும்பி வரும்போது அன்னியப் பொம்மையாகி 70 சதவீதம் கட்டுகிறது. இதில் காப்பாற்றப்பட்ட உள்நாட்டுத் தொழிலாளி யார் என்று யாராவது சொன்னால் அடுத்த இதழில் போடுகிறோம்.

இனி, வாசகர்கள் ஒரே கருப்பொருளில் மாடல் கட்டும் நம் கூட்டுக் கட்டுமானத்துக்கு வருவோம். இந்த ஆண்டுக்கு ‘மிங்கலடோன், 1941-42’ என்று ஜனவரி இதழில் அறிவித்திருந்தோம். இன்றைய யாங்கோனின் சர்வதேச விமான நிலையம்தான் அன்றைய மிங்கலடோன் தளம். பிரிட்டிஷ் விமானப் படை 67-ஆம் ஸ்குவாட்ரனின் பஃபலோக்கள், அமெரிக்கத் தொண்டர் படையின் மூன்றாம் ஸ்குவாட்ரன் பி-40கள், எதிர்ப்பக்கத்தில் ஜப்பானியரின் கி-21, கி-27, கிறிஸ்துமஸ் அன்று கட்டோ தலைமையில் வந்த 64-ஆம் செண்டாயின் கி-43கள். பி-40-இன் அடிப்பக்கச் சாம்பல் நிறத்தைப் பற்றி வாசகர்களிடையே நடந்த சண்டையை இந்தப் பக்கத்தில் மீண்டும் தொடங்கப் போவதில்லை. கடிதப் பகுதி இருக்கிறது.

இந்தத் தளத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் (இன்றைய யாங்கோன்) மக்கள்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள். 1941 டிசம்பர் 23-ஆம் தேதி குண்டு விழுந்தபோது துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்களிலும் மொகல் தெருவில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர்களிலும் நம் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர். அதன் பின் நடந்தே ஊர் திரும்பியவர்களின் பேரப் பிள்ளைகள் நம் சந்தாதாரர்களிலேயே இருக்கிறார்கள். தாத்தா அண்ணாந்து பார்த்த விமானத்தைப் பேரன் 1/72-இல் கட்டுவது வெறும் பொழுதுபோக்கு என்று நாம் நினைக்கவில்லை.

(மிங்கலடோனில் புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் பற்றிக் கேட்பவர்களுக்கு: 2013 ஜனவரியில் டேவிட் கண்டல் குழு அங்கே தோண்டியது, பெட்டியில் அடைத்துப் புதைத்த விமானம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பிரிக்காமலே புதைந்து கிடக்கும் விமானப் பெட்டிகளைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நம் சுங்கக் கிடங்குகளைத் தோண்டலாம்.)

கிட் விலை ஏறினால் கைச் செலவைக் குறைத்துச் சமாளிப்போம். இரண்டு வாங்கும் இடத்தில் ஒன்று வாங்குவோம். கிட்டை விடத் தொல்லை கொடுப்பது டெக்கல், அதாவது மாடலின் மேல் ஒட்டும் குறிகள் அச்சிட்ட தாள். இதைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் பல முறை எழுதியாகிவிட்டது. எழுதி என்ன பயன் என்பது வேறு.

மிங்கலடோன் பட்டியலில் நம் நாட்டு விமானம் ஒன்றே ஒன்றுதான்: இந்திய விமானப் படை முதல் ஸ்குவாட்ரனின் லைசாண்டர் மார்க் 2. ஸ்குவாட்ரன் லீடர் கே.கே. மஜும்தார் தலைமையில் அந்த ஸ்குவாட்ரன் 1942 பிப்ரவரி தொடக்கத்தில் பர்மாவின் டௌங்கூ தளத்தில் வந்து இறங்கியது. தளத்தில் ஜப்பானியர் குண்டு போட்டுவிட்டுப் போனதும், மஜும்தார் ஒற்றை லைசாண்டரில் இரண்டு 250 பவுண்டு குண்டுகளைக் கட்டிக்கொண்டு தாய்லாந்து எல்லைக்கு அப்பால் இருந்த அவர்களது தளத்தைத் தாக்கப் போனார். துணைக்குப் போனவை 67-இன் பஃபலோக்கள். நோட்டம் பார்க்கவும் தகவல் கொண்டுபோகவும் கட்டிய விமானத்தில் அந்தக் குண்டுகளைப் பொருத்த வழி செய்தது ஹர்ஜிந்தர் சிங்கின் தொழில்நுட்பக் குழு. இப்படி ஒரு கதை உள்ள விமானத்துக்கு, நமக்குத் தெரிந்து, இந்தியாவில் ஒருவரும் டெக்கல் அச்சடிப்பதில்லை.

இதைக் கட்டுவது எப்படி என்பது உங்களுக்குத் தெரியும். கிடைப்பது பெரும்பாலும் மெர்க்குரி எஞ்சின் கிட். மார்க் 2-இல் இருந்த பெர்சியஸ் எஞ்சினோ ஸ்லீவ் வால்வு வகை. ராக்கர் பெட்டி கிடையாது. ஆகவே கவ்லிங்கைச் சுற்றியுள்ள அந்தச் சிறு புடைப்புகளை ஒவ்வொன்றாகச் செதுக்கி, 400, 800, 1200 என்று தேய்த்து, பிரைமர் அடித்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பள்ளம் தெரிந்தால் மறுபடி புட்டி. ஹம்ப்ரோல் 29, 30 பெயின்ட் கொண்டு மேற்பக்கம். இதுவரை எல்லாம் நம் கையில். அதன் பிறகு விமானப் படையின் வட்டக் குறி. கிட்டில் வரும் பர்மாக் குறிகள் பெரும்பாலும் நீலம்-வெள்ளை. அது 1942 நடுவில் சிவப்பு மையத்தை நீக்கிய பிறகு வந்தது. பிப்ரவரியில் பறந்த மஜும்தாரின் லைசாண்டருக்கு நடுவில் சிவப்பு இருந்தாக வேண்டும். எண்ணும் எழுத்தும் வேறு. ஆகவே ஐரோப்பாவிலிருந்து ஆஃப்டர்மார்க்கெட் தாள் ஒன்று வரவேண்டும். கல்யாணப் பத்திரிகையை விடக் கனம் குறைந்த ஒரு கவர்.

அந்தத் தாளின் தலைப்பு என்ன? 4908. டெக்கல் என்று பெயர் சொல்லியே அச்சுப் பொருள்களின் 49-ஆம் அத்தியாயத்தில் தனியாக வைத்திருக்கிறார்கள். 9503-உடன் அதற்கு எந்த உறவும் இல்லை. அனுப்பியவர் படிவத்தில் 4908 என்று எழுதியே அனுப்புகிறார். வந்து சேரும்போது ‘பொம்மையின் பாகம்’ என்று பேனாவால் எழுதப்பட்டிருக்கிறது. ஓர் அஞ்சல் சுங்க அலுவலகத்தில் நானே நின்று கேட்டேன். அதிகாரி தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். “இதுல ஸ்டிக்கர் மட்டும்தானே இருக்கு, ஏரோப்ளேன் எங்கே?” என்றார். ஏரோப்ளேன் வீட்டில் இருக்கிறது என்றேன். “அப்போ இது அதோட பார்ட்” என்று முடித்துவிட்டார். தாளின் நடுவில் மடிப்பு விழுந்து கேரியர் ஃபிலிம் வெடித்திருந்தது. அதற்குத்தான் வரி கட்டினேன்.

சொந்த உபயோகத்துக்கு அஞ்சலில் வந்தால் 9804. 2023-இல் அதன் வரியெல்லாம் கூட்டினால் 77 சதவீதத்தைத் தாண்டியது. அதாவது சரியான தலைப்பை விட்டுவிட்டு, பொம்மை அல்லது சொந்த உபயோகம் என்று எந்தக் கதவைத் தட்டினாலும் அப்போது அடி ஒன்றுதான். நண்பர் இலவசமாக அனுப்பினால்? 2019 டிசம்பரில் அந்த வாசலையும் அடைத்துவிட்டார்கள். அன்பளிப்பாக வரலாம் என்று வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம் விட்டுவைத்தவை இரண்டு: உயிர் காக்கும் மருந்து, ராக்கி. ராக்கியோடு பரிசு வந்தால் அதுகூடக் கூடாது என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு நுணுக்கமாக யோசிக்கத் தெரிந்தவர்களுக்கு 4908 என்ற நான்கு இலக்கம் மட்டும் கண்ணில் படவில்லை.

வீட்டிலேயே அச்சடித்துக்கொள்ளேன் என்பார்கள். சாதாரண லேசர் அச்சில் வெள்ளை வராது. வெள்ளை அடித்த ஆல்ப்ஸ் இயந்திரங்களின் உற்பத்தி நின்று எத்தனையோ காலம் ஆகிறது. வினைல் கட்டரில் மாஸ்க் வெட்டி, வெள்ளை, சிவப்பு, நீலம், வெளி மஞ்சள் என்று அடுக்கடுக்காக ஏர்பிரஷ் பிடிக்கலாம். வட்டங்களுக்கு அதுவே சிறந்தது என்றுகூடச் சொல்வேன். ஆனால் 1/72-இல் வால் பக்கத்துத் தொடர் எண்ணின் எழுத்து எவ்வளவு உயரம் வரும் என்று உங்களுக்கே தெரியும். அதை மாஸ்க்கில் வெட்ட முயன்றவர்கள் கை தூக்கலாம்.

மாநில அரசோ மத்திய அரசோ, நம் விமானங்களின் நிறத்தையும் குறிகளையும் ஒழுங்காகப் பதிப்பித்து ஒரு கையேடு போட்டிருக்கிறதா? டெல்லி பாலம் விமானப் படை அருங்காட்சியகத்தில் நிற்கும் லைசாண்டர் கனடாவிலிருந்து வந்தது; அதன் பூச்சைப் பார்த்து 1942-ஐக் கட்ட முடியாது. தளத்து வாசல்களில் நிற்கும் பழைய விமானங்களின் பக்கத்தில் கேமராவை எடுத்தால் காவலர் ஓடி வருகிறார். என்சிசி விமானப் பிரிவில் பிள்ளைகளுக்கு ஏரோமாடலிங் கற்றுக்கொடுப்பது பாதுகாப்பு அமைச்சகம். அதே பிள்ளை பெரியவனாகிப் பெட்டி வாங்கினால் அவனைப் பொம்மை வாங்குகிறவனாக்குவது நிதி அமைச்சகம். நம் வீரர்களைப் பற்றி மேடையில் முழங்குகிறார்கள். அந்த வீரர் ஓட்டிய விமானத்தின் பக்கவாட்டில் என்ன எழுதியிருந்தது என்று தேடிக் கண்டுபிடித்து, புகைப்படத்தைப் பெரிதாக்கி, ரிவெட் எண்ணி உட்கார்ந்திருப்பவர்கள் இந்த நாட்டில் சில நூறு பேர். அவர்களிடம்தான் வசூலிக்கிறார்கள்.

யாங்கோனில் மாடல் கட்டும் நண்பர்களின் நிலை நம்மை விட மோசம் என்பதை மறக்கவில்லை. 2022 ஏப்ரலில் அங்கே அன்னியச் செலாவணியை மத்திய வங்கி தன் பிடிக்குள் கொண்டுவந்தது. பாங்காக்கிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ யாராவது பையில் கொண்டுவந்தால்தான் பெயின்ட். வானத்தில் போர் விமானச் சத்தம் கேட்கும் நாட்டில் இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி வெளியே பேசவும் அவர்களுக்குத் தயக்கம் இருக்கிறது. அவர்கள் நிலையோடு நம்முடையதை ஒப்பிடத் தேவையில்லை. ஆனால் நம்மிடம் மேல்முறையீடு என்று ஒன்று இன்னும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் முணுமுணுத்துக்கொண்டே வரி கட்டுவது நம் பழக்கமாகிவிட்டது.

டெக்கல் தாள்கள் இப்படிச் சிக்கிக்கொள்வதால் கூட்டுக் கட்டுமானத்தின் கடைசித் தேதியை டிசம்பர் இறுதி வரை நீட்டிக்கிறோம். மாஸ்க் அடித்துச் செய்த குறிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. லைசாண்டர் கட்டுகிறவர்கள் தொடர் எண்ணை வெறுமையாக விட்டாலும் இந்த ஒரு முறை மதிப்பெண் குறையாது.

டெக்கல் தாள் வரவழைப்பவர்கள் அனுப்புநரிடம் சொல்லி, கவரின் மேலும் உள்ளிருக்கும் ரசீதிலும் 4908 என்று எழுதச் சொல்லுங்கள். பொம்மை என்று மாற்றி மதிப்பிட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சுங்கச் சட்டம் 17(5) பிரிவு அதற்கு இடம் தருகிறது. உத்தரவு கையில் கிடைத்த 60 நாளுக்குள் 128-ஆம் பிரிவின்படி மேல்முறையீட்டு ஆணையரிடம் போகலாம். வரி 200 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். மதிப்பீட்டுச் சீட்டின் நகலை இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். எல்லாவற்றையும் சேர்த்து, தனி வரி கேட்கும் மனுவோடு நிதியமைச்சகத்துக்கு அனுப்பவிருக்கிறோம்.